கடலோரச் சாலையில் லாரியின் டீசல் செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரத்தில், என்ஜினுக்கு டீசலை அளந்து தள்ளும் பம்ப், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில் இவற்றில் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். ராமேசுவரத்திலிருந்து மீன் ஏற்றும் லாரி, வாலிநோக்கம் உப்பளத்து லாரி, சாயல்குடிப் பக்கம் கருவேலங்கரி ஏற்றும் லாரி, சுற்றுலா பஸ் என்று எது வந்து நின்றாலும் இறங்குகிறவர் சொல்வது ஒன்றுதான்: “டீசலை அள்ளிக் குடிக்கிறது, ஏதாவது செய்து கொடுங்கள்.” பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதி வைத்துவிட்டால் படித்துவிட்டு வருவார்கள் என்று ஒரு நப்பாசை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் நான் செய்கிற வேலை, வண்டி இழந்துவிட்ட மைலேஜைத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அது ஓட்டுநரின் வலது காலிலும் இடது கையிலும் இருக்கிறது.

என் வண்டி லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் கொடுக்கிறது. இது சரியா, குறைவா?

எப்படி அளந்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பத்துப் பேரில் எட்டுப் பேர் டாங்க் முள்ளைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்த முள்ளை நம்பி ஒரு டீ கூடக் குடிக்க முடியாது.

ஒரே பெட்ரோல் பங்கில், ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, டாங்கின் கழுத்து வரை நிரப்புங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நடை முடிந்து வந்து அதே இடத்தில், அதே கழுத்து வரை மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் செலவு. ஒரு நடையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. மூன்று நடையாவது பார்க்க வேண்டும். முடிந்தால் போகிற கணக்கையும் வருகிற கணக்கையும் தனித்தனியாக எழுதுங்கள். ஏன் என்பது காற்றைப் பற்றிய கேள்வியில் வரும்.

சுமையோடு 16 டன் நிற்கும் ஆறு சக்கர லாரிக்கு நான்கிலிருந்து ஐந்தரை வரை எதுவும் வரலாம். பக்கத்து வீட்டு லாரியோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் வண்டியே போன மாசியில் என்ன கொடுத்தது, இந்த மாசியில் என்ன கொடுக்கிறது என்று பாருங்கள்.

எந்த ஆர்.பி.எம்.-இல் (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றில்) ஓட்டினால் டீசல் மிச்சமாகும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள லாரி என்ஜின், தனக்குப் பிடித்த இடத்தில் ஓடும்போது அதில் நான்கு யூனிட் அளவுக்குத்தான் வேலையாக மாற்றுகிறது. மீதி ரேடியேட்டர் வழியாகவும் சைலென்சர் வழியாகவும் சூடாக வெளியே போய்விடுகிறது. அந்த நான்கு கூட எல்லா நேரமும் கிடைப்பதில்லை. பிஸ்டன் வளையம் லைனரில் உராய்வது, பேரிங், தண்ணீர் பம்ப், ஆயில் பம்ப், விசிறி என்று என்ஜின் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளவே ஒரு பங்கு டீசல் எடுத்துக்கொள்கிறது. சுற்று கூடக் கூட இந்தப் பங்கும் கூடுகிறது.

இப்போது சாலையைப் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. இந்த மட்டச் சாலையில் 16 டன் லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குச் சக்கரத்தில் தேவைப்படுவது 45 குதிரைத்திறன்கூட இல்லை. உங்கள் என்ஜினோ அதைப் போல மூன்று மடங்கு கொடுக்கக்கூடியது. அந்த 45-ஐ 1500 சுற்றில் மேல் கியரிலும் எடுக்கலாம், 2200 சுற்றில் கீழ் கியரிலும் எடுக்கலாம். வண்டியின் வேகம் ஒன்றுதான். ஆனால் 2200-இல் என்ஜின் தன் உராய்வுக்கே கூடுதலாகச் சாப்பிடுகிறது.

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின்களுக்கு இழுவை உச்சத்தில் இருப்பது 1400-க்கும் 1600-க்கும் நடுவில். உச்ச சக்தி வருவது 2400 பக்கத்தில். சிக்கனம் குடியிருப்பது முதல் இடத்தில். மீட்டரில் பச்சைப் பட்டை போட்டிருப்பது அழகுக்காக இல்லை. முள் அந்தப் பட்டையின் கீழ்ப்பாதியில் நிற்கும்படி, எவ்வளவு உயரமான கியர் போட முடியுமோ அதைப் போடுங்கள். கியரை மாற்றும்போதும் அப்படித்தான். நான்காவது கியரில் 2300 வரை அலற வைத்துவிட்டு ஐந்தாவதுக்குப் போவதால் ஒரு பயனும் இல்லை. 1800, மிஞ்சினால் 1900-இல் மாற்றிவிட்டால் அடுத்த கியரில் முள் நல்ல இடத்தில் வந்து உட்காரும்.

அப்படியென்றால் 1000 சுற்றில் மேல் கியரில் ஓட்டினால் இன்னும் நல்லதுதானே?

இல்லை. அதற்குப் பெயர் முக்க விடுவது. சுற்று குறைந்தால் டர்போ போதிய காற்றைத் தள்ளாது. நீங்கள் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க டீசல் உள்ளே போகும், எரிப்பதற்குக் காற்று இருக்காது, கரும்புகையாக வெளியே வரும். அந்தப் புகை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல். பிஸ்டன் தலை கொதிக்கும், கிராங்க் பேரிங் அடி வாங்கும். ஆக்சிலேட்டரை முக்கால் மிதித்தும் வண்டி வேகம் பிடிக்கவில்லை, கேபினே உதறுகிறது என்றால் ஒரு கியர் இறக்குங்கள். வெறும் வண்டியாக, மட்டச் சாலையில், லேசான மிதியில் 1200 சுற்றில் உருளுவது வேறு, அது தப்பில்லை.

என் பழைய வண்டியில் ஆர்.பி.எம். முள் வேலை செய்வதில்லை. சுற்றை எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்குப் போடலாம். பின் ஆக்சிலில் உள்ள பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னது பினியன்; இரண்டின் பல் எண்ணிக்கையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 41-க்கு 7 என்றால் விகிதம் 5.86. பத்துக்கு இருபது டயர் ஒரு முறை உருண்டால் சுமார் 3.2 மீட்டர் போகும். மேல் கியர் நேர் கியராக (என்ஜின் சுற்று மாறாமல் அப்படியே பின்னால் போவதாக) இருந்தால் 50 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் ஏறக்குறைய 1525 சுற்றும், 60-இல் 1830, 70-இல் 2135, 80-இல் 2440. இந்த நான்கு எண்ணையும் ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடிக்கு மேல் ஒட்டிவிடுங்கள். இப்படிப்பட்ட வண்டியை 80-இல் ஓட்டிவிட்டு என்னிடம் வந்து நாசிலைக் குறை சொன்னால் நான் என்ன செய்வது?

மதுரைக்குப் போகும்போது ஒரு மைலேஜ், திரும்பும்போது ஒரு மைலேஜ். சுமையும் ஒன்றுதான். ஏன்?

காற்று. இந்தக் கடற்கரையில் பம்ப், நாசில், டயர் எல்லாவற்றையும் சேர்த்தாலும் எதிர்காற்று அளவுக்கு டீசலைத் தின்னும் சாமான் கிடையாது.

சாலை ராமேசுவரத்திலிருந்து மேற்கு, வடமேற்காகப் போகிறது. தென்மேற்குப் பருவத்தில் கச்சான் என்கிற மேல்காற்று வீசும்போது மீன் ஏற்றிப் போகிற லாரிக்கு அது எதிர்காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பிவிட்டால் ஊருக்குள் வருகிற வண்டிக்கு முகத்தில் அடிக்கும். கடலுக்குப் போகிற தங்கச்சிமடத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். படகில் தெரிந்ததை லாரியில் ஏறியதும் மறந்துவிடுகிறார்கள்.

நான் போட்டுப் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். 16 டன் லாரி, முகப்பரப்பு 7 சதுர மீட்டர். டயர் உருளுவதற்கு மட்டும் ஏறக்குறைய 112 கிலோ இழுவை வேண்டும். வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறாது. காற்று இல்லாத நாளில் 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழிக்க 83 கிலோ வேண்டும். மொத்தம் 195. அதே வண்டியை 80-இல் ஓட்டினால் காற்றுக்கு மட்டும் 148 ஆகிவிடும், மொத்தம் 260. மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. இனி 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் 60-இல்தான் போகிறார், ஆனால் வண்டி காற்றை 90-இல் சந்திக்கிறது. காற்றுக்கு மட்டும் 187 கிலோ, மொத்தம் 299. நிதானமாகப் போகிறேன் என்று நினைக்கும் மனிதர், காற்றில்லாத நாளில் 80-இல் பறப்பவரைவிட அதிக டீசல் செலவழிக்கிறார். அன்றைக்கு 50-க்கு இறக்கினால் இழுவை 260-க்கு வந்துவிடும்.

அதனால் கச்சான் அடிக்கும் நாளில் மண்டபத்திலிருந்து பரமக்குடி வரையாவது வேகத்தைக் குறைத்து, முள்ளைப் பச்சையின் அடியில் வைத்து ஓட்டுங்கள். மரம், கட்டடம் வந்த பிறகு காற்றின் வேகம் தானே தணியும். சீமைக் கருவேலத்தால் இந்த மாவட்டத்துக்கு வந்த கேடு கொஞ்சமல்ல, ஆனால் சாலையோரக் கருவேலங்காடு காற்றை மறிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

உப்பு லாரியைவிடக் கரி லாரிக்குப் பாரம் குறைவு. ஆனால் டீசல் அப்படியொன்றும் குறையவில்லையே?

உப்பு கனம், ஆனால் பாடிக்குள் அடங்கி உட்கார்ந்துகொள்ளும். கரி லேசு, அதனால் மூட்டையைக் கேபினுக்கு மேல் ஓர் ஆள் உயரத்துக்கு அடுக்கிவிடுகிறார்கள். பாரத்தில் மிச்சப்பட்டதைக் காற்று வாங்கிக்கொள்கிறது. உப்பு லாரிக்காரர் டயர் காற்றிலும் பிரேக்கிலும் கண் வைக்க வேண்டும். கரி லாரிக்காரர் வேகத்தில் கண் வைக்க வேண்டும், அடுக்கை முன்பக்கம் சரிவாகக் கட்ட வேண்டும், படுதாவைத் தொளதொளவென்று விடாமல் இழுத்துக் கட்ட வேண்டும். பின்னால் படபடவென்று அடிக்கும் படுதா காற்றைப் பிடித்து இழுக்கும் பாய்மரம் மாதிரி.

பாம்பன் பாலத்தில் நடுவிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமா?

1988-இல் சாலைப் பாலம் திறந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம் இருக்கும் போலிருக்கிறது. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், வண்டிதான் என்ஜினைச் சுற்றுகிறது. பழைய பம்பாக இருந்தால் அதில் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகம் டீசலை நிறுத்திவிடும், புதிய வண்டியில் இ.சி.யு. என்ற கணினிப் பெட்டி நிறுத்திவிடும். செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருப்பதற்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும், நிமிடத்துக்கு முப்பது மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் உருளும் என்பது உண்மைதான். ஆனால் பாலத்தின் உச்சியில் காரை நிறுத்திவிட்டு ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். 16 டன்னை வெறும் பிரேக்கை நம்பி அங்கே இறக்குகிறவர் முப்பது மில்லியைப் பற்றிப் பேசக் கூடாது.

பம்பில் டீசலைக் குறைத்து வைத்தால் மைலேஜ் கூடுமா?

முதலாளிகள் குறைக்கச் சொல்வார்கள். ஓட்டுநர்கள் தனியாக வந்து கூட்டச் சொல்வார்கள். இரண்டு பேருக்கும் நான் தலையாட்டுவதில்லை.

கூட்டினால் பிக்கப் வரும், கூடவே புகையும் வரும்; காற்று போதாத டீசல் எரியாமல் போகும். அளவுக்கு மேல் குறைத்தால் வண்டி மேல் கியரில் இழுக்காது. ஓட்டுநர் கீழ் கியரில் போட்டு அலற விடுவார், குறைத்தது அங்கே போய்விடும். கம்பெனி சொன்ன அளவுக்குக் கேலிப்ரேஷன் செய்து, ஆறு சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் போகும்படி வைப்பதுதான் சரியான வேலை. ஒன்றுக்கு அதிகமும் ஒன்றுக்குக் குறைவும் போனால் என்ஜின் நொண்டும்.

பழைய பம்பில் நான் மனமுவந்து செய்து கொடுக்கும் ஒரு மாற்றம் உண்டு: கவர்னரின் உச்சச் சுற்றைச் சற்று இறக்கி வைப்பது. கியர் மாற்றச் சோம்பல்படும் ஓட்டுநருக்கு அது நல்ல வாத்தியார்.

நாசிலை எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரைப் பாருங்கள். அதற்கு முன்பே புகை கூடினாலோ, ஐடிலில் தட்டல் கேட்டாலோ கொண்டு வந்துவிடுங்கள்.

சென்ற ஆண்டு ஓர் உப்பு லாரி வந்தது. முதலாளியும் கூடவே வந்து பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார், நான் ஏமாற்றிவிடுவேனோ என்று. ஆறு நாசிலையும் கழற்றி ஒவ்வொன்றாக டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தினேன். முதல் இரண்டும் ‘கிர்ர்’ என்று அதிர்ந்து, நான்கு துளையிலிருந்தும் நான்கு வெண்பஞ்சாக டீசலைச் சிதறவிட்டன. மூன்றாவதை மாட்டி அழுத்தினேன். சத்தமே இல்லை. அழுத்தமானியில் 230-இல் திறக்க வேண்டிய நாசில் 160-லேயே வாயைத் திறந்துவிட்டது. இரண்டு துளையில் பீய்ச்சல், ஒன்றில் நூல்போல ஒழுக்கு, நான்காவது அடைப்பு. கைப்பிடியை விட்ட பிறகும் முனையில் ஒரு துளி திரண்டு, தொங்கி, சொட்டியது. முதலாளி ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தத் துளிதான் எரியாமல் கரியாகி, பிஸ்டன் மேல் படிந்து, சைலென்சர் வழியாக வானத்துக்குப் போகிறது. ஒரு நாசில்தானே என்று நினைக்க வேண்டாம். ஆறில் ஒரு மாடு படுத்துக்கொண்டால் மற்ற ஐந்துதான் அதையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

டெஸ்டரில் பீய்ச்சும்போது குறுக்கே விரலை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னக் காயமாகத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம்.

டீசல் பீய்ச்சும் நேரத்தை, அதாவது டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தால்?

வைக்காதீர்கள். பம்ப் கப்ளிங் தேய்ந்து டைமிங் தானாகப் பின்வாங்கியிருந்தால் மைலேஜ் குறையும், காலையில் வெள்ளைப்புகை வரும், சைலென்சர் அதிகமாகக் கொதிக்கும். அதைப் பழைய டிகிரிக்குக் கொண்டுவருவது நியாயம். அதற்கும் முன்னே தள்ளினால் என்ஜின் தட்டும். ஹெட் கேஸ்கட், பிஸ்டன் என்று வரிசையாகச் செலவு வைக்கும். டாப்பெட் (வால்வு) இடைவெளியையும் இதே சமயத்தில் பார்த்துவிடுவது நல்லது.

என்னுடையது பி.எஸ்.6 வண்டி. மென்பொருளை மாற்றிக் கொடுத்தால் மைலேஜ் ஏறும் என்கிறார்கள். யூரியாவையும் நிறுத்திவிடலாமாமே?

பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஸ்பேனரால் டியூனிங் செய்ய ஒன்றுமில்லை. எப்போது, எவ்வளவு, எத்தனை தவணையாகப் பீய்ச்சுவது என்று இ.சி.யு. தீர்மானிக்கிறது. ஒரு பெட்டியை மாட்டி மென்பொருளை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் டீசலைக் கூட்டித்தான் வைக்கிறார்கள். வண்டி துள்ளுவதைப் பார்த்து மைலேஜ் ஏறிவிட்டது என்று உங்களுக்குத் தோன்றும்.

யூரியா சமாச்சாரத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டீசலைச் சிக்கனமாக எரிக்க வேண்டுமென்றால் எரிப்பு சூடாகவும் சீக்கிரமாகவும் நடக்க வேண்டும். அப்படி நடந்தால் நைட்ரஜன் ஆக்சைடு கூடும். சைலென்சரில் 32.5 சதவீத யூரியாக் கரைசல் அதைக் கழுவிவிடும் என்ற துணிவில்தான் கம்பெனிக்காரர்கள் என்ஜினைச் சிக்கனமாக அமைக்க முடிகிறது. ஆக, யூரியா செலவு நமக்கு விரோதி இல்லை. அதை ஏமாற்றும் பெட்டியை மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். வாரண்டியும் போகும். நான் அந்த வேலை செய்வதில்லை, யார் செய்கிறார்கள் என்றும் கேட்காதீர்கள்.

புகையைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு: முதலில் ஏர் ஃபில்டர், பிறகு டர்போ ஹோஸ், பிறகுதான் நாசிலும் பம்பும். வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது உள்ளே தண்ணீர். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. பணத்தை எடுத்து வையுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, ஆனாலும் மைலேஜ் வரவில்லை. வேறு எங்கே போகும்?

இதில் நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. மண்டபத்து மீன் லாரி ஒன்று, லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்துவிட்டது என்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பம்பை இறக்கிக் கேலிப்ரேஷன் செய்து, கூலியும் வாங்கி அனுப்பினேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, ஒரு மாற்றமும் இல்லை. ஓட்டுநர் பெரியவர். “தம்பி, உச்சிப்புளி வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வருவோம், வாங்க” என்றார். போய்விட்டு வந்து இறங்கியதும் நான்கு பக்கமும் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோனேன். மூன்று இடத்தில் வெதுவெதுப்பு. இடது பின் சக்கரத்தில் கையை வைக்க முடியவில்லை.

மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக நேராகப் பின் ஆக்சில் மேல் சொட்டிச் சொட்டி, பிரேக்கை விரித்துப் பிடிக்கவைக்கும் கேம் துருப்பிடித்து இறுகியிருந்தது. காலை எடுத்தாலும் பிரேக் முழுதாக விடவில்லை. மாதக்கணக்கில் அந்த வண்டி பிரேக் பிடித்துக்கொண்டே மதுரைக்குப் போய் வந்திருக்கிறது. கேமைக் கழற்றித் துருவை எடுத்து கிரீஸ் வைத்ததும் மைலேஜ் திரும்பியது. பம்ப் கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து எந்த வண்டி வந்தாலும் ஹப்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பானெட்டைத் திறக்கிறேன். மீன் லாரிக்காரர்கள் நடை முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், பெட்டித் தண்ணீரைக் குழாய் வைத்து ஆக்சிலுக்கு அப்பால் விட வேண்டும்.

கடல் காற்று என்ஜினையும் கெடுக்குமா?

ரேடியேட்டரையும், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் கெடுக்கும். உப்பு ஈரம் ஒட்டும், அதன் மேல் மணல் ஒட்டும், இரண்டும் சேர்ந்து இடுக்கை அடைத்துவிடும், அலுமினியத் தகடு பொடிந்து உதிரும். ரேடியேட்டர் அடைத்தால் விசிறி ஓயாமல் ஓடும். பெரிய விசிறி என்ஜினிடமிருந்து பல குதிரைத்திறனைப் பிடுங்கிக்கொள்ளும். இன்டர்கூலர் அடைத்தால் என்ஜினுக்குச் சூடான, மெலிந்த காற்று போகும். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நல்ல தண்ணீரை மெதுவாகவே விட்டுக் கழுவுங்கள். பிரஷரில் அடித்தால் தகடு மடங்கிவிடும்.

ஏர் ஃபில்டரை வாரம் ஒரு தடவை திறந்து தட்டுகிற கிளீனரைத் தடுத்து நிறுத்துங்கள். திறக்கிற ஒவ்வொரு தடவையும் தூசி உள்ளே போகிறது. ஃபில்டர் காட்டியில் சிவப்பு அடையாளம் வந்தால் மாற்றினால் போதும்.

டயர்?

காற்றைக் குளிர்ந்த டயரில் பாருங்கள், ஓடி வந்ததும் பார்க்காதீர்கள். ரேடியல் டயர் நைலானைவிட லேசாக உருளும். ஜோடி டயரில் உள்பக்க டயரை யாரும் பார்ப்பதில்லை. அங்கேதான் காற்று குறைந்திருக்கும்.

துறைமுகத்தில் லோடு ஏறும் வரை என்ஜினை ஓட விடலாமா?

ஆறு சிலிண்டர் என்ஜின் சும்மா நின்றாலும் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கும். படகு கரை வந்து, ஏலம் முடிந்து, பெட்டியில் ஐஸ் போட்டு முடிக்க இரண்டு மணி நேரம் என்றால் பதினைந்து கிலோமீட்டர் ஓட வேண்டிய டீசல் அங்கேயே போய்விடும். பி.எஸ்.6 வண்டியில் இன்னொரு கேடு: ஐடிலில் புகைக்கரி வடிகட்டி சீக்கிரம் நிறையும், அதை எரித்துச் சுத்தம் செய்யத் தனியாக டீசல் போகும். வேகமாக ஓட்டி வந்ததும் டர்போ ஆறுவதற்கு இரண்டு, மூன்று நிமிடம் விட்டு அணையுங்கள். ராமேசுவரத்தில் ஏ.சி.யை ஓட விட்டுக்கொண்டே பயணிகள் தீர்த்தமாடி முடிக்கக் காத்திருக்கும் சுற்றுலா பஸ்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

கிரவுன், பினியனை மாற்றிவிட்டால் 60-இல் சுற்று குறையுமே?

குறையும். 5.86-க்குப் பதில் 4.88 என்றால் 60-இல் 1830 இருந்த இடத்தில் 1525 போதும். தூத்துக்குடி, தொண்டி என்று கரையோரமாகவே ஓடுகிற வண்டிக்கு அது பொருந்தும். கேரளத்துக்கு மீன் ஏற்றிக் குமுளியிலோ ஆரியங்காவிலோ மலை ஏறுகிற வண்டிக்கு வேண்டாம்; அங்கே கிளட்சைத் தீய்த்துவிட்டு வருவீர்கள். அந்த மாடலுக்குக் கம்பெனியே அந்த விகிதம் கொடுத்திருந்தால் மட்டும் யோசியுங்கள்.

டீசல் குழாயில் காந்தம், டாங்கில் ஊற்றும் மருந்து?

அந்தக் காசுக்கு டயரில் காற்று பிடியுங்கள்.

விசைப்படகு என்ஜினுக்கும் இதே கணக்குதானா?

பட்டறைக்கு வரும் படகு என்ஜின்களில் பல, லாரி என்ஜின் வம்சம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எனக்கு லாரி வேலை குறைந்து இந்த வேலை வரும். ஆனால் படகில் கியர் மாற்றி இழுவையைச் சமாளிக்க முடியாது, தண்ணீரும் காற்றைவிடக் கொடியது. புரொப்பல்லரைச் சுற்றத் தேவைப்படும் சக்தி, சுற்றின் மும்மடிக்கு ஏறுகிறது. 1800-இல் ஓடுகிற என்ஜினை 1600-க்கு இறக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். படகின் வேகமோ ஒன்பதில் ஒரு பங்குதான் குறையும். வலை இழுக்கும்போது இது செல்லாது, போக வர ஓடும்போது செல்லும். அடிப்பலகையில் பாசியும், சிப்பிபோல ஒட்டும் கொட்டலசும் பிடித்திருந்தால் என்ன டியூனிங் செய்தாலும் வீண், தடைக்காலத்தில் சுரண்டிவிடுங்கள்.

மெதுவாகப் போனால் மீன் சந்தைக்கு நேரம் தவறிவிடுமே?

ராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர். சராசரி 60-க்குப் பதில் 50-இல் போனால் 34 நிமிடம் கூடும். அந்த 34 நிமிடத்தைப் பெரும்பாலும் புறப்படும் இடத்திலேயே எடுத்துவிடலாம். பெட்டி எண்ணுவதில் தகராறு, சீட்டு எழுதத் தாமதம், கிளீனர் டீ குடிக்கப் போய்விட்டான் என்று துறைமுகத்தில் முக்கால் மணி நேரத்தை விட்டுவிட்டு, அதை மதுரைச் சாலையில் 80-இல் துரத்துகிறார்கள். ஓட்டுநர் மீது கோபப்படும் முதலாளிகள் லோடு ஏற்றும் நேரத்தை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மிச்சமான டீசலில் ஓட்டுநருக்கு ஒரு பங்கு கொடுப்பவர்களும் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்த இரண்டு வண்டியும் நாசில் பார்க்கும் நாளில் மட்டும்தான் என் பட்டறைக்கு வருகின்றன.